டயாலிசிஸ் செய்யும் அப்பா, சர்க்கரை உள்ள அம்மா: தளர்வில்லா ஊரடங்கில் மருத்துவத்துக்கு எப்படிப் போவது?

பட்டுக்கோட்டைப் பெண் | 23 மே 2021, காலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிராமம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே. அப்பாவுக்கு 68 வயது. வாரத்துக்கு இரண்டு முறை தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இதுவரை பஸ்ஸில் போய் வந்தோம். 10ஆம் தேதியிலிருந்து பஸ் இல்லை. தெரிந்தவர் கார் எடுத்து வருகிறார். நாளை முதல் கொரோனாவுக்காகத் தளர்வில்லாத ஊரடங்கு என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வழியில் நிறுத்தினால் என்ன காட்டுவது, இ-பதிவு (அரசு இணையதளத்தில் பயணத்தைப் பதிவது) வேண்டுமா என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய பயம், தெருவில் நாலைந்து வீட்டில் காய்ச்சல். யாரும் பரிசோதனைக்குப் போகவில்லை. அப்பாவுக்கு வந்துவிட்டால் எங்கே கொண்டு போவது? "பேசாமல் இந்த வாரம் டயாலிசிஸை விட்டுவிடு, தஞ்சாவூர் போய் நோயை வாங்கி வராதே" என்று சித்தப்பா சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராமத்து டாக்டர் | 23 மே 2021, காலை

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். டயாலிசிஸை விடாதீர்கள். சித்தப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கொரோனா வரலாம், வராமலும் போகலாம். ஆனால் டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் தங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். இந்த இரண்டு வாரத்தில் மூச்சுத் திணறலோடு வந்த சிறுநீரக நோயாளிகளில் சிலருக்குக் கொரோனாவே இல்லை. பயந்து டயாலிசிஸைத் தள்ளிப் போட்டவர்கள் அவர்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, மருத்துவக் காரணத்துக்காக மாவட்டத்துக்குள் போக இ-பதிவு தேவையில்லை என்று நேற்றைய அறிவிப்பிலேயே இருக்கிறது. மாவட்டம் தாண்டினால்தான் பதிவு. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஒரே மாவட்டம். அப்பாவின் டயாலிசிஸ் அட்டை, கடைசி டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆதார் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரைவர் சீட் பக்கத்தில் வையுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் "இன்ன கிழமைகளில் டயாலிசிஸ் செல்கிறார்" என்று ஒரு கடிதம் கேட்டால் எழுதித் தருவார்.

காரில் ஏசி வேண்டாம். நான்கு கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். அப்பா பின்சீட்டில் இடப்பக்கம், டிரைவருக்குக் குறுக்காக உட்காரட்டும். உள்ளே எல்லோரும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும், டிரைவரும் சேர்த்து. டயாலிசிஸ் பிரிவில் நான்கு மணி நேரம் படுத்திருக்கையில் சாப்பிட மாஸ்க்கை இறக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கிளம்பும் முன்பே வீட்டில் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற நர்சம்மா | 23 மே 2021, மதியம்

டாக்டர் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் அம்மா. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் ஊருக்கும் ஒரு நர்சம்மா இருப்பார். துணை சுகாதார நிலையத்தின் பெயரைச் சொல்லி அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் அவருடைய போன் நம்பர் கிடைத்துவிடும். இன்றே கூப்பிட்டு, "வீட்டில் டயாலிசிஸ் நோயாளி ஒருவர், சர்க்கரை நோயாளி ஒருவர்" என்று சொல்லி வை. நோய் வந்த பிறகு சொல்வதைவிட இப்போது சொல்வது நல்லது. எந்த வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று அவர் நோட்டில் குறித்து வைத்திருப்பார். கர்ப்பிணிகளை அப்படித்தான் காலம்காலமாகக் குறித்து வைக்கிறோம். நாள் நெருங்கினால் எந்த வீட்டுக்கு 108 வர வேண்டும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அதே வேலைதான் இதுவும்.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள்? அரசு ஆஸ்பத்திரி என்றால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேள். போன வருஷ ஊரடங்கிலேயே அப்படித் தரச் சொல்லி உத்தரவு வந்தது. சர்க்கரை, பிரஷர், காசநோய், எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும். அம்மா நேரில் வர வேண்டாம், சீட்டோடு நீ போனால் போதும்.

மதுக்கூர்க்காரன் | 23 மே 2021, மாலை

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன வாரம் மாமாவைக் கூட்டிப் போனேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்லியும், வாசலிலேயே "இங்கே படுக்கை இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டித்தான் சேர்த்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ஆக்சிஜன் ஓடுகிறது. பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போ, நர்சம்மாவைக் கூப்பிடு என்றெல்லாம் சொல்லி இந்தப் பெண்ணின் நேரத்தை வீணாக்காதீர்கள். நேராகத் தஞ்சாவூர் போகச் சொல்லுங்கள்.

கிராமத்து டாக்டர் | 23 மே 2021, இரவு

தம்பி, மாமா நல்லபடியாக வீடு திரும்பட்டும். உங்களை அனுப்பிய விதம் தவறு. மூச்சு வாங்குகிறவரின் விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, தேவையானால் ஆக்சிஜன் கொடுத்து, எங்கே படுக்கை இருக்கிறது என்று 104 சுகாதார உதவி எண்ணில் கேட்டு, 108-இல் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாதவரை நான் தாங்கிப் பேச மாட்டேன்.

ஆனாலும் நேராகத் தஞ்சாவூர் என்பதை நான் ஏற்கவில்லை. 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டிலேயே சரியாகிவிடும். எல்லோரும் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்றால் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர் உள்ளே போக முடியாது. உங்கள் மாமா வரிசையில் காத்திருந்ததற்கு அதுவும் காரணம். தேவையில்லாதவரை வீட்டில் வைத்துப் பார்க்கவும், தேவைப்படுகிறவரைச் சரியான நாளில் அனுப்பவும் கீழே ஒருவர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை அதுதான். அங்கே படுக்கை இல்லை என்பது உண்மை. தினமும் உங்களைக் கேட்க ஆள் உண்டு என்பதும் உண்மை.

ஒரு இடத்தில் கைவிரித்தால் சும்மா திரும்பாமல் வட்டார மருத்துவ அலுவலரைக் கேளுங்கள். அதற்கு மேல் மாவட்டத்தில் சுகாதாரத் துணை இயக்குநர் இருக்கிறார். கேட்கிற உரிமை நமக்கு உண்டு. பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது.

சிங்கையிலிருந்து | 24 மே 2021, காலை

என் பெற்றோர் காரைக்குடிப் பக்கம் தனியாக இருக்கிறார்கள். ஊருக்கு வர வழியில்லாமல் இங்கிருந்தே பதறிக்கொண்டிருக்கிறேன். கொரோனாவுக்குப் போடும் ரெம்டெசிவிர் ஊசி மருந்தை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அண்ணன். ஒரு குப்பிக்கு வெளியில் கேட்கிற விலை தலை சுற்றுகிறது. காய்ச்சல் வந்த அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாமா? பக்கத்து வீட்டில் ஒருவருக்கு முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துச் சரியாகிவிட்டதாம். அதையும் வாங்கி வைக்கவா?

கிராமத்து டாக்டர் | 24 மே 2021, காலை

மூன்றுக்கும் "வேண்டாம்" என்பதுதான் பதில். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அண்ணன் கேட்க மாட்டார்.

ரெம்டெசிவிர் உயிரைக் காப்பாற்றும் மருந்தாக நிரூபிக்கப்படவில்லை. போன நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. சென்னையில் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் அதை வாங்க ஜனங்கள் வெயிலில் நின்ற வரிசையைப் பார்த்து நெஞ்சு பதறியது. அந்த வரிசையிலேயே எத்தனை பேருக்குத் தொற்றியதோ. இப்போது அரசு நேராக ஆஸ்பத்திரிகளுக்கே கொடுக்கிறது. சீட்டைக் கையில் கொடுத்து "நீங்களே வாங்கி வாருங்கள்" என்று யாராவது சொன்னால், அப்படி வாங்க வேண்டியதில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். பிளாஸ்மாவும் (குணமானவரின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றுவது) போன வாரம் சிகிச்சை முறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகவும் யாரும் அலைய வேண்டாம்.

ஸ்டீராய்டு நல்ல மருந்து. ஆனால் நேரம் தப்பினால் விஷம். போன வருஷம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் டெக்சாமெதசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைத்தான் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. முதல் நாளே கொடுத்தால் வைரஸ் பெருகுவதற்கு நாமே வழிவிட்டதுபோல் ஆகும். சர்க்கரை உள்ளவருக்கு அளவு எகிறும். கருப்புப் பூஞ்சை என்று இப்போது கேள்விப்படுகிறீர்களே, அதில் கட்டுப்படாத சர்க்கரையும் கணக்கில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்து நிற்கின்றன. கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்க முகவலி, மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

சி.டி. ஸ்கேன், மூச்சு நன்றாக இருப்பவருக்கு வேண்டியதில்லை. முதல் நாளில் எடுத்தால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அந்தப் பணத்தில் நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி) ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

பட்டுக்கோட்டைப் பெண் | 24 மே 2021, மதியம்

இன்று தஞ்சாவூர் போய் வந்தோம். ஒரத்தநாட்டில் நிறுத்தினார்கள், அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் நர்சம்மாவிடமும் பேசிவிட்டேன். நாளைக்குத் தெருவுக்கு வந்து காய்ச்சல் வீடுகளைப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஆக்சிமீட்டர் வாங்கிவிட்டோம். அப்பாவுக்கு ஒரு கையில் 97, மறு கையில் 91 காட்டுகிறது. பயமாக இருக்கிறது. எது சரி?

கிராமத்து டாக்டர் | 24 மே 2021, மதியம்

91 காட்டியது ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கைதானே? டயாலிசிஸ் கையில் ரத்த ஓட்டம் மாறியிருக்கும், விரல் சில்லென்று இருக்கும், கணக்குத் தப்பும். மறு கையில் மட்டும் பாருங்கள். பிரஷர் பட்டை, ஊசி எதுவும் ஃபிஸ்துலா கையில் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுப்பூசி போடும் இடத்திலும் அதை முதலில் சொல்லுங்கள்.

பார்க்கும் முறை: ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரல். கை மார்புக்கு நேரே அசையாமல் இருக்கட்டும். எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும், அதை எழுதுங்கள். நோட்டில் தேதி, நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடித்துடிப்பு. அறிகுறி தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். ரிசல்ட் வந்த நாளை அல்ல. பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் கண்காணிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆறாம் நாளில் கருவியை எடுத்து வைத்துவிட்டு எட்டாம் நாளில் 85-இல் வருகிறார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டில் இருக்கலாம். திரும்பத் திரும்பப் பார்த்தும் 94 அல்லது அதற்குக் கீழ் என்றால் 104-ஐக் கூப்பிட்டு இடம் கேளுங்கள். 90-க்குக் கீழ் போனாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ 108. உட்கார்ந்து நன்றாக இருப்பவரை ஆறு நிமிஷம் அறைக்குள் நடக்க வைத்துப் பாருங்கள். நடந்த பின் எண் மூன்று நான்கு குறைந்தால் அதுவும் எச்சரிக்கைதான். உங்கள் அப்பாவுக்கும், ஏற்கனவே மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இந்த நடைப் பரிசோதனை வேண்டாம்.

ஓய்வுபெற்ற நர்சம்மா | 24 மே 2021, மாலை

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொரோனாவுக்கு நல்லது என்று ஊரில் எல்லோரும் இளநீர், சாத்துக்குடி ஜூஸ், வாழைப்பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு அது ஆபத்து. மூன்றிலும் பொட்டாசியம். பாசமாகக் கொடுப்பதை மறுக்க மனம் வராது, ஆனாலும் மறுத்துவிடு. கஷாயத்துக்கும் அதே கணக்கு. கபசுரக் குடிநீரோ வேறு எதுவோ, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று சிறுநீரக டாக்டர் சொல்லியிருக்கிறாரோ அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். அவரைக் கேட்காமல் கொடுக்காதே.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் மட்டும். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பாத்திரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், வெந்துபோய் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி வாசி | 25 மே 2021, காலை

எனக்கு ஒரு கேள்வி. தொற்று வந்தால் "தனி அறையில் இருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீடே ஒரு அறை. ஐந்து பேர். கக்கூஸ் நான்கு குடும்பத்துக்குப் பொது. போன வருஷம் கோயம்பேடு மார்க்கெட் மூடிய பிறகு எங்கள் பக்கம் பரவியபோது தகரம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஊரே வேடிக்கை பார்த்தது. என் மாமியாரோடு ஆறு மாசம் யாரும் பேசவில்லை. அந்தப் பயத்தில்தான் ஜனங்கள் காய்ச்சலை மறைக்கிறார்கள். பட்டுக்கோட்டை அக்கா தெருவிலும் அதே கதையாகத்தான் இருக்கும்.

அதே வருஷம் எங்களைக் காப்பாற்றியதும் இதே சென்னை மாநகராட்சிதான். தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். எங்கள் ஏரியாப் பெண்களையே வேலைக்கு எடுத்து வீடு வீடாகக் கேட்க வைத்தார்கள். தெரிந்த பெண் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவோம்.

ஓய்வுபெற்ற நர்சம்மா | 25 மே 2021, காலை

நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி கண்ணு. ஒரு அறை வீட்டில் நோயாளியைத் தனியாக வைக்க முடியாது. அதற்குத்தான் கோவிட் கவனிப்பு மையம். கல்லூரி, விடுதி, மண்டபம் எதிலாவது வைத்திருப்பார்கள். சாப்பாடு, மாத்திரை, தினசரி பரிசோதனை எல்லாம் இலவசம். வீட்டில் இடமில்லை என்று கேட்டுப் போவதில் அவமானம் இல்லை.

படுக்கை கிடைக்கும்வரை வீட்டில் என்றால், நோயாளி ஜன்னல் ஓரம் அல்லது திண்ணையில் படுக்கட்டும். கதவு ஜன்னல் இரவும் திறந்திருக்கட்டும். மின்விசிறிக் காற்று நோயாளியைத் தாண்டி வெளியே போகும்படி வையுங்கள், உள்ளே தள்ளும்படி வேண்டாம். வீட்டுக்குள்ளும் எல்லோரும் மாஸ்க். பொதுக் கக்கூஸுக்கு நோயாளி கடைசியாகப் போகட்டும், அதன் பிறகு கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள். பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவரே, வயதானவர் வேண்டாம்.

மதுக்கூர்க்காரன் | 27 மே 2021, இரவு

மாமாவுக்கு ஆக்சிஜன் குறைத்துவிட்டார்கள். டாக்டர் சார், பணம் பற்றி ஒரு சந்தேகம். மாமாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது கொரோனாவுக்குச் செல்லுமா?

கிராமத்து டாக்டர் | 27 மே 2021, இரவு

செல்லும். 7ஆம் தேதி புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. அட்டை உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சை எடுத்தாலும் செலவைக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசே ஏற்கும். அந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஓர் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் நாள்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே அட்டையைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் இப்போதைய (2021) வரம்பான 72,000 ரூபாய்க்குள் என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம்.

பட்டுக்கோட்டைப் பெண் | 2 ஜூன் 2021

தெருவில் நர்சம்மா வந்து பார்த்ததில் பதினொரு பேருக்குப் பாசிட்டிவ். ஒருவருக்கு 92 இருந்ததால் அன்றே 108-இல் பட்டுக்கோட்டை ஜி.எச். அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் இல்லை.

அப்பாவுக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஆனால் தடுப்பூசி போட்டு இரண்டு நாளில் நடிகர் விவேக் இறந்ததிலிருந்து "எனக்கு வேண்டாம்" என்று பிடிவாதம். எப்படிப் பேசுவது?

கிராமத்து டாக்டர் | 2 ஜூன் 2021

என் நோயாளிகளில் பாதிப்பேர் இதையேதான் சொல்கிறார்கள். அவர் போனதில் எல்லோருக்கும் துயரம்தான். அவருக்கு இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே சொன்னார்கள். இரண்டு நாளில் உருவாகிற அடைப்பு அல்ல அது, தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார்கள். அப்பாவிடம் வாதாடாமல் டயாலிசிஸ் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டவர் யாராவது பக்கத்துப் படுக்கையில் இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிட அது எடுபடும். டயாலிசிஸ் இல்லாத நாளில், ஃபிஸ்துலா இல்லாத கையில் போடட்டும். கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசி 12 முதல் 16 வாரத்துக்குள். இடைவெளியை மாற்றிவிட்டார்கள். அம்மாவும் சேர்ந்தே போட்டுக்கொள்ளட்டும்.

மதுக்கூர்க்காரன் | 9 ஜூன் 2021

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பீட்டில் ஒரு பகுதி கிடைத்தது, கட்டிய முன்பணத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சர்க்கரை இதுவரை இல்லாதவருக்கு இப்போது 280 காட்டுகிறது. எங்கள் ஊர் நர்சம்மா எண்ணை நானும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா | 9 ஜூன் 2021

ஸ்டீராய்டு போட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது உண்டு தம்பி. வாரம் ஒருமுறையாவது பிஎச்சியில் பார்த்து எழுதிவா. கன்னம், கண், மூக்கு பற்றி டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை.

பட்டுக்கோட்டைப் பெண் | 7 ஆகஸ்ட் 2021

அப்பா, அம்மா இருவருக்கும் முதல் ஊசி போட்டாகிவிட்டது. பஸ் ஓடுகிறது. ஆனாலும் அப்பாவைப் பஸ்ஸில் கூட்டிப் போக மனம் இல்லை. நேற்று முன்தினம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கியிருக்கிறார்களே, அதில் வீட்டிலேயே டயாலிசிஸ் என்று பேப்பரில் படித்தேன். மிஷினை வீட்டுக்குக் கொண்டு வருவார்களா?

கிராமத்து டாக்டர் | 7 ஆகஸ்ட் 2021

மிஷின் வராது. அதில் தருவது வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான திரவப் பைகள். வயிற்றில் சின்னக் குழாய் வைப்பார்கள், ஒரு நாளைக்குப் பல முறை திரவத்தை மாற்ற வேண்டும், வீட்டிலேயே செய்யலாம். அப்பாவுக்கு அந்த முறை ஒத்துவருமா என்று சிறுநீரக டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வயிற்றில் பழைய ஆபரேஷன் ஏதாவது உண்டென்றால் அதைச் சொல்லுங்கள். பைகளை வைக்கச் சுத்தமான இடம், கை கழுவ நல்ல தண்ணீர், கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் பழகிக்கொள்வது, இவை மூன்றும் கட்டாயம். கிருமி தொற்றினால் வயிற்றுக்குள் சீழ் கோக்கும்.

அம்மாவுக்கு அதே திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். படிப்படியாகத்தான் எல்லா வட்டாரத்துக்கும் வருகிறது. உங்கள் ஊருக்கு எப்போது என்று நர்சம்மாவிடம் கேட்டு, அம்மா பெயரை இப்போதே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது பை முறை பற்றிக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் படிக்கிறார்கள்.